கணினியை அணைத்துப் போட்டால் நேரம் மாறிவிடுகிறதா? பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கணினியைப் போடுகிறீர்கள். திரையின் மூலையில் 2015 ஜனவரி 1, நள்ளிரவு 12:03 என்று நிற்கிறது. பிரவுசரைத் திறந்தால் வங்கித் தளம் வரவில்லை, மின்னஞ்சல் வரவில்லை. 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கைதான் வருகிறது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்ற கணக்கு உண்டு. 2015-ல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நேரத்தைக் கையால் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. மறுநாள் காலை மறுபடியும் அதே 2015.

யாரிடம் கேட்டாலும் "சிமாஸ் பேட்டரி போயிருக்கும், மாத்திடுங்க" என்பார்கள். கணினி அணைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன வட்ட பேட்டரி அது. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் புது பேட்டரி போட்ட பிறகும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியே நிற்கிற கணினிகள் உண்டு. அவற்றுக்கு எத்தனை பேட்டரி மாற்றினாலும் தீராது. நேரம் எவ்வளவு தப்பு, எப்போது தப்பாகிறது என்ற இரண்டையும் கவனித்தால் காரணம் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். ஸ்க்ரூடிரைவரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

உள்ளே ஓடுவது இரண்டு கடிகாரம்

மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. ஆர்டிசி (ரியல் டைம் கிளாக்) என்பார்கள். கணினி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இது இல்லை. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதியையும் நேரத்தையும் கேட்கும், கையால் தட்ட வேண்டும். 1984-ல் வந்த பிசி ஏடி மாடலில்தான் மோட்டரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்றைப் பேட்டரியோடு சேர்த்து வைத்தார்கள். இன்று அது தனிச் சில்லாக இல்லாமல் சிப்செட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வேலை அதேதான்: நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று, அந்த எண்ணிக்கையைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு.

இரண்டாவது கடிகாரம் விண்டோஸ் அல்லது லினக்ஸ் தனக்குள் வைத்திருப்பது. கணினி எழும்போது ஆர்டிசியைப் பார்த்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். அதன்பின் தானே எண்ணிக்கொள்ளும். இணையம் கிடைத்ததும் ஏதாவதொரு நேர சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். திருத்திய நேரத்தை ஆர்டிசியிலும் எழுதி வைக்கும்.

ஆக, கோளாறு மூன்று இடத்தில் வரலாம். ஆர்டிசி நின்றுபோயிருக்கலாம். ஆர்டிசி சரியாக ஓடியும் அதை வாசிக்கிற முறை தப்பாக இருக்கலாம். அல்லது இணையத்தைப் பார்த்துத் திருத்தும் வேலை நடக்காமல் இருக்கலாம். இவற்றில் இரண்டாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. ஆர்டிசி சில்லில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற எண்கள் மட்டுமே இருக்கின்றன. அவை சென்னை நேரமா லண்டன் நேரமா என்ற குறிப்பு எதுவும் அங்கே கிடையாது.

திருத்தும் முன் இரண்டு சோதனை

நேரம் தப்பாக இருப்பதைப் பார்த்ததும் திருத்தக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். செல்போனைப் பக்கத்தில் வைத்து, கணினி காட்டும் தேதி நேரம், போன் காட்டும் தேதி நேரம் இரண்டையும் ஒரு தாளில் குறித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான், ஆனால் இதைத் தவறவிட்டால் கண்டுபிடிக்க அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டும்.

பிறகு நேரத்தைச் சரியாக வையுங்கள். வைஃபையை அணையுங்கள், நெட்வொர்க் கேபிள் இருந்தால் கழற்றுங்கள். இணையம் இருந்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் திருத்திவிடும், நோய் மறைந்துவிடும். இப்போது ரீஸ்டார்ட் மட்டும் செய்து பாருங்கள். ஷட்டவுன் வேண்டாம், சுவிட்சை அணைக்கவும் வேண்டாம்.

ரீஸ்டார்ட்டிலேயே நேரம் மாறினால் பேட்டரிமேல் சந்தேகப்பட வேண்டாம். ரீஸ்டார்ட் ஆகும்போது மதர்போர்டுக்கு மின்சாரம் ஒரு நொடிகூட நிற்பதில்லை. ஷட்டவுன் செய்தாலும்கூட, சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆர்டிசி அதில்தான் ஓடுகிறது, பேட்டரியைத் தொடுவதே இல்லை. மின்சாரம் முழுக்க அறுந்தால்தான் பேட்டரிக்கு வேலை.

ரீஸ்டார்ட்டில் நேரம் நிலைத்தால் அடுத்த சோதனை: ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். யுபிஎஸ்ஸில் இருந்தால் அதிலிருந்தும் பிடுங்குங்கள். மறுபடி போடும்போது நேரே பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன் மதர்போர்டே காட்டும் அமைப்புப் பக்கத்துக்குள் போய், அங்கே காட்டும் நேரத்தைப் பாருங்கள். போட்டதும் டெலிட் கீ அல்லது எஃப்2 கீயை விடாமல் தட்டினால் பெரும்பாலான கணினிகளில் பயாஸ் வரும். ஹெச்பியில் எஃப்10. பயாஸ் காட்டுவது ஆர்டிசியின் நேரத்தை அப்படியே. விண்டோஸ், லினக்ஸ் எதுவும் அதில் இன்னும் கை வைக்கவில்லை என்பதால் இதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

நம் வீடுகளில் இரவு படுக்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைக்கிற பழக்கம் இருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் சிமாஸ் பேட்டரிக்கு முழுநேர வேலை அதனால்தான் வருகிறது. ஆபீஸில் ஆறு வருடம் ஓடிய பேட்டரி வீட்டில் மூன்று வருடத்தில் ஓய்ந்துபோனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தாளில் குறித்ததை வாசிப்பது

தேதி பல வருடம் பின்னால் போய், ஜனவரி 1 அல்லது அந்த மதர்போர்டின் பயாஸ் எழுதப்பட்ட காலத்துத் தேதியில் நின்றால், அதுவும் சுவிட்சை அணைத்த பிறகு மட்டும் நடந்தால், பேட்டரிதான். எழும்போது கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' அல்லது 'டேட்/டைம் நாட் செட்' என்று வந்து எஃப்1-ஐ அழுத்தச் சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

தேதி சரி, ஆனால் அணைத்திருந்த நேரம் அளவுக்கு மட்டும் பின்தங்கியிருக்கிறது. இரவு பத்துக்கு அணைத்து காலை ஏழுக்குப் போட்டால் இரவு பத்தேகால் என்கிறது. இதுவும் பேட்டரிதான், ஆனால் சாகும் தறுவாயில் இருக்கிறது. எண்களை நினைவில் வைக்கும் அளவுக்குச் சக்தி இருக்கிறது, படிகத்தை அதிர வைக்கும் அளவுக்கு இல்லை.

சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் என்றால் பேட்டரியை மறந்துவிடுங்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இது 8 மணி நேரமாகத் தெரியும். லண்டனில் குளிர்காலத்தில் வித்தியாசமே தெரியாது, கோடையில் ஒரு மணி நேரம் மட்டும் தெரியும். அதனால் அங்கே இருப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க இன்னும் திணறுவார்கள்.

வேறு ஏதாவது மணிக் கணக்கில் அல்லது அரைமணிக் கணக்கில் தப்பு, குறிப்பாக 13 மணி 30 நிமிடம் அல்லது 12 மணி 30 நிமிடம் என்றால், நேர மண்டலம் அமெரிக்க மேற்குக் கரையில் நிற்கிறது. புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் அடிக்கடி பார்க்கலாம்.

மாதத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் முன்னே பின்னே என்றால் அது நோயே அல்ல. குவார்ட்ஸ் படிகத்தின் இயல்பு. வெயில் காலத்தில் கூடக் கொஞ்சம் மெதுவாகும்.

பேட்டரி மாற்றுவது

பெரும்பாலான டெஸ்க்டாப்பில் இருப்பது சிஆர்2032. ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்ட லித்தியம் பேட்டரி, 3 வோல்ட். 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், 32 என்பது தடிமன் 3.2 மில்லிமீட்டர். கடையில் சிஆர்2025, சிஆர்2016 என்று கொடுத்தால் வாங்காதீர்கள். விட்டம் ஒன்றுதான் என்பதால் உள்ளே உட்காரும், ஆனால் மெல்லியது, தொடர்பு சரியாகப் பிடிக்காது. எல்ஐஆர்2032 என்பது சார்ஜ் ஏற்றும் வகை, மின்னழுத்தமும் கூடுதல். அதுவும் வேண்டாம். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், விலையும் பெரிதில்லை. தெரிந்த பிராண்டாக, அட்டையில் ஒட்டிய புது உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பார்க்கலாம். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 2.8-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரி கடைசிவரை 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, பிறகு திடீரென்று சரியும். ஆகவே 2.9 காட்டுகிறதே என்று நம்பி மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டாம்.

திறக்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. இவற்றைச் சொல்லாமல் நேரே பேட்டரியைக் கழற்றச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

முதலாவது, பிட்லாக்கர். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி இது. புது விண்டோஸ் 11 கணினிகளில் உங்களுக்குத் தெரியாமலே ஆனில் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றும்போது பயாஸ் அமைப்புகள் மாறினால், விண்டோஸ் அடுத்த முறை எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறு கணினியிலோ போனிலோ அந்தக் கணக்கைத் திறந்து, சாவியைப் பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே கணினியைத் திறங்கள்.

இரண்டாவது, பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசை, டிஸ்க் எந்த முறையில் இயங்குகிறது என்ற இடம். அங்கே ஏஹெச்சிஐ, ரெய்டு, ஐடிஇ என்று ஏதாவது ஒன்று இருக்கும். பேட்டரி போனால் இவை பழைய நிலைக்குத் திரும்பிவிடும் மதர்போர்டுகள் இருக்கின்றன. டிஸ்க் முறை மாறினால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். நேரத்தைச் சரிசெய்யப் போய்க் கணினியே எழவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புது மதர்போர்டுகள் பலவற்றில் அமைப்புகள் வேறு நினைவகத்தில் இருப்பதால் கடிகாரம் மட்டும்தான் போகும், இருந்தாலும் படம் எடுப்பதில் நஷ்டமில்லை.

இனி மாற்றும் வேலை:

1. ஷட்டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்குங்கள்.
2. பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும்.
3. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் மதர்போர்டில் இறங்காமல் இருக்க.
4. பேட்டரி கண்ணில் படவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் பாருங்கள். எழுத்து உள்ள பக்கம் மேலே இருப்பதைக் கவனித்து ஒரு படம் எடுங்கள்.
5. ஓரத்தில் உள்ள சின்ன உலோகக் கொக்கியை நகத்தால் மெதுவாகத் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அடியில் உள்ள தொடர்பு வளைந்துவிடும். அதன்பின் புது பேட்டரி போட்டும் பயனில்லை.
6. கூட்டல் குறி மேலே வருமாறு புதியதை வைத்து 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.
7. எல்லாவற்றையும் மாட்டி, முதலில் பயாஸுக்குப் போய்த் தேதி, நேரம், படத்தில் உள்ள அமைப்புகள் எல்லாவற்றையும் வைத்துச் சேமியுங்கள்.

மூடும் முன் பேட்டரி இருக்கும் இடத்துக்கு அருகே ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொப்பி இரண்டு அல்லது மூன்று முள்ளின்மேல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் 'கிளியர் சிமாஸ்' என்றோ 'சிஎல்ஆர்டிசி' என்றோ அச்சிட்டிருக்கும். யாராவது பயாஸ் பாஸ்வேர்டை அழிக்க அதை மாற்றி மாட்டிவிட்டு மறந்திருந்தால், எத்தனை புது பேட்டரி போட்டாலும் நேரம் நிற்காது. மதர்போர்டின் கையேட்டில் சரியான இடம் படத்தோடு இருக்கும்.

கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கினால் 20 மில்லிமீட்டர் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கி, இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். ஓய்ந்த பேட்டரியிலும் அந்த அளவுக்குச் சக்தி மிச்சம் இருக்கும். இருபுறமும் செலோ டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவோடு சேர்த்துக் கொடுங்கள்.

லேப்டாப்பில் அதே சிஆர்2032 பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இரண்டு ஒயரும் ஒரு சின்ன பிளக்கும் வைத்து வரும். மாடல் எண்ணைச் சொல்லி அதற்கான பேட்டரியையே வாங்க வேண்டும். வெறும் பேட்டரியில் ஒயரை நீங்களே சால்டர் செய்ய முயலாதீர்கள், சூட்டில் வெடிக்கும். சில புது லேப்டாப்களில் இந்தத் தனி பேட்டரியே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்தே கடிகாரம் ஓடும். அதை முழுக்க வடியவிட்டு ஒரு வாரம் ஓரத்தில் போட்டால் நேரம் போகத்தான் செய்யும். அதற்கு மருந்து சார்ஜர்தான்.

ஐந்தரை மணி நேரச் சிக்கல்

விண்டோஸ், ஆர்டிசியில் இருப்பது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். லினக்ஸ் அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரமும் இலங்கை நேரமும் யுடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. ஆகவே உபுண்டுவில் (லினக்ஸின் ஒரு வகை) வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் விண்டோஸ் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்குப் போனால் உபுண்டு ஐந்தரை மணி முந்தி நிற்கும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

புதியவர்களுக்கு லினக்ஸை மாற்றுவதே எளிது. டெர்மினலைத் திறந்து டைம், டேட், சிடிஎல் என்ற மூன்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு செட், லோக்கல், ஆர்டிசி என்ற மூன்றையும் நடுவில் சிறுகோடு போட்டுச் சேர்த்துத் தட்டுங்கள். மறுபடி ஓர் இடைவெளி, பிறகு எண் 1. எண்டர். திரும்பப் பழையபடி வேண்டுமென்றால் 1-க்குப் பதில் 0. முதல் சொல்லை மட்டும் தனியாகத் தட்டினால் இப்போதைய நிலையைக் காட்டும்.

மாற்றிய பிறகு அதே கட்டளை ஓர் எச்சரிக்கையும் காட்டும்: ஆர்டிசியில் உள்ளூர் நேரம் வைப்பது முழுமையாக ஆதரிக்கப்படவில்லை, கோடைக்கால நேர மாற்றத்தின்போது குழப்பம் வரும் என்று. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஆண்டு முழுக்க ஒரே நேரம்தான், இலங்கையிலும் அப்படியே. நமக்கு அது பொருட்டல்ல.

கடிகாரம் முன்னும் பின்னும் போகிற நாட்டில் இருந்தால் விண்டோஸைத்தான் யுடிசிக்கு மாற்ற வேண்டும். விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், டைம் ஸோன் இன்ஃபர்மேஷன் என்று இறங்கி, அங்கே 'ரியல் டைம் இஸ் யுனிவர்சல்' என்று இடைவெளி இல்லாத பெயரில் டிவேர்டு வகையில் புதுப் பதிவு ஒன்று உண்டாக்கி, மதிப்பு 1 கொடுக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர்கள் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். இரண்டு பக்கமும் மாற்றிவிடாதீர்கள், தப்பு அப்படியே திசைமாறித் திரும்பி வரும்.

விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ள

செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'டேட் அண்ட் டைம்'. நேர மண்டலப் பட்டியலில் யுடிசி+05:30 என்று தொடங்கும் வரிகள் இரண்டு: 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி' ஒன்று, 'ஸ்ரீ ஜெயவர்தனபுர' இன்னொன்று. நேரத்தைத் தானாக வைக்கும் பொத்தானை ஆன் செய்துவிடுங்கள். மண்டலத்தைத் தானாக வைக்கும் பொத்தானை ஊர் சுற்றாத டெஸ்க்டாப்பில் ஆஃப் செய்து கையால் தேர்ந்தெடுப்பதே நல்லது. விபிஎன் போட்டால் அது உங்களை வேறு நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். கடைசியாக 'சிங்க் நவ்' அழுத்துங்கள்.

அதுவும் தோற்றால் பதறாமல் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவை, 15 மணி நேரத்துக்கு மேல் தப்பு இருந்தால் தானாகத் திருத்த மறுக்கும். அவ்வளவு பெரிய மாற்றத்தைச் சர்வர் சொன்னாலும் நம்பக்கூடாது என்ற பாதுகாப்பு அது. பேட்டரி செத்து 2015-ல் நிற்கும் கணினி இணையம் இருந்தும் ஏன் தானாகத் தேறுவதில்லை என்பதற்கு இதுதான் பதில். முதலில் கையால் இன்றைய தேதியையும் சுமாரான நேரத்தையும் வையுங்கள், பிறகு 'சிங்க் நவ்' வேலை செய்யும்.

அப்போதும் இல்லையென்றால் 'சர்வீசஸ்' என்ற பக்கத்தைத் திறந்து 'விண்டோஸ் டைம்' என்ற வரியில் இரட்டைக் கிளிக் செய்து, 'ஸ்டார்ட்அப் டைப்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' வைத்து 'ஸ்டார்ட்' கொடுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கில் மட்டும் திருத்த முடியவில்லை என்றால் நேர சர்வரைக் கேட்கும் வழியான யுடிபி 123-ஆம் போர்ட் அங்கே அடைக்கப்பட்டிருக்கலாம், நெட்வொர்க் பார்ப்பவரிடம் கேளுங்கள். சர்வர் பெயரை மாற்ற விரும்பினால் புது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் நேர சர்வர் நடத்துகிறது. இந்தியாவின் அதிகாரப்பூர்வ நேரத்தைப் பராமரிப்பதும் அந்த ஆய்வகம்தான். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட ஆணை, இந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் சர்வரோடு கணினிகளின் நேரத்தை இணைக்கச் சொன்னது. வீட்டுக்கு மைக்ரோசாஃப்ட்டின் சர்வரே போதும்.

ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் போர்டுக் குட்டிக் கணினி வைத்திருப்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதே இல்லை. பை 4 வரை அந்தப் போர்டில் ஆர்டிசியே கிடையாது. கடைசியாக எழுதி வைத்த நேரத்திலிருந்து தொடங்கி, இணையம் வரும்வரை தப்பாகவே ஓடும். பை 5-ல் ஆர்டிசி உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

புது பேட்டரி சில மாதத்திலேயே ஓய்ந்துவிடுகிறது, இரண்டாவதும் அப்படியே என்றால் மதர்போர்டில் எங்கோ மின்கசிவு இருக்கிறது. பழைய கணினிக்கு அதைத் தேடிச் சரிசெய்யும் கூலி கட்டுப்படியாகாது. சுவர் சுவிட்சை இரவிலும் ஆனிலேயே விட்டு, ஷட்டவுன் மட்டும் செய்து பழகுங்கள். காத்திருப்பு மின்சாரத்திலேயே கடிகாரம் ஓடிவிடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊராக இருந்தால் யுபிஎஸ்ஸையும் அணைக்காமல் விடுங்கள். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் தேதியைக் கையால் ஒருமுறை வைத்தால் போதும்.